தகர வில்லை முதல் விசா வரை: கடன் நம் பெயரில், சீட்டு யார் கையில்?

விசா என்ற சொல் திண்டுக்கல் பக்கத்துச் சேரிகளில் புழங்கத் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் முதலாளியின் அடையாளம் பொறித்த சீட்டு ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு கடல் தாண்டுவது நமக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட பழக்கம். அந்த வரலாறு நம் பாடப்புத்தகங்களில் இல்லை. வீட்டில் கேட்டால், "தாத்தா கண்டிச் சீமையில இருந்தாரு" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. வேடசந்தூர், வடமதுரை, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை வட்டாரங்களில் நம் பிள்ளைகள் வட்டிக்குப் பணம் வாங்கி ஏஜெண்டிடம் கட்டிவிட்டு வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். அதே வட்டாரத்து நூற்பாலைகளுக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து இளைஞர்களும் இளம்பெண்களும் வந்து இறங்குகிறார்கள். "வடக்கன் வந்து நம்ம வேலையைப் பிடுங்கிட்டான்" என்று நம் தோழர்களில் சிலரே பேசக் கேட்கிறோம். போகிறவரின் கதையும் வருகிறவரின் கதையும் ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள நாம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஏன் போனார்கள்?

திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15 அன்று. அதுவரை அது மதுரை மாவட்டத்தின் பகுதி. திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், ராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்துதான் இலங்கைத் தோட்டங்களுக்குப் பெருமளவில் ஆட்கள் போனார்கள். போனவர்களில் பெரும்பங்கு பறையர், பள்ளர், அருந்ததியர். கள்ளர், அகமுடையார், வெள்ளாளர் போன்ற சாதிகளிலிருந்தும் ஏழைகள் போனார்கள்.

'பஞ்சம் பிழைக்கப் போனார்கள்' என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பஞ்சம் உண்மைதான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தில் இலங்கை போனவர்களின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. அதற்குச் சற்று முன்பு, 1875இல்தான் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் வந்த பஞ்சம் எல்லோரையும் கப்பலேற்றவில்லை. நிலம் இருந்தவர் நிலத்தை அடகு வைத்துத் தாக்குப்பிடித்தார். பண்ணையாளிடம் அடகு வைக்க உடம்பு மட்டுமே இருந்தது, அதுவும் ஏற்கெனவே அடகில் இருந்தது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை முறையை இனி எந்த நீதிமன்றமும் ஏற்காது என்று அறிவித்தது. அதன் பிறகும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் என்ற பெயரில் படியாள் முறை தலைமுறைகளாக நீடித்தது. சட்டம் விலங்கை அவிழ்த்தது, கடன் அதை மறுபடி பூட்டியது.

அதனால் கடல் தாண்டுவது நம் மக்களுக்கு ஒரு விடுதலையாகவும் தோன்றியது. தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத ஊரைவிட்டு, கூலியைக் காசாகத் தருவதாகச் சொல்லும் ஓரிடத்துக்குப் போவதை யார் மறுப்பார்? அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914 வரை நடத்திய 'தமிழன்' இதழுக்குக் கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களில் வாசகர்களும் புரவலர்களும் இருந்தார்கள். ஊரைவிட்டு வெளியேறிய தலித்துகள் நம் அரசியலை வளர்த்தார்கள் என்பதற்கு அது சான்று. ஆட்கள் வெளியேறுவதைக் கண்டு மிராசுதார்கள் புலம்பியதும் அதனால்தான். பண்ணையில் ஆள் குறைந்தால் மிச்சமிருப்பவன் கூலி கேட்பான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கங்காணி, தகர வில்லை, துண்டு

கரீபியத் தீவுகளுக்கும் ஃபிஜிக்கும் போனவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துப் போனார்கள். இலங்கைக்கு அப்படி எழுத்து ஒப்பந்தம் வழக்கத்தில் இல்லை. அந்த இடத்தில் கங்காணி இருந்தார். தோட்டத்துரை கங்காணிக்கு முன்பணம் தருவார். கங்காணி சொந்த ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். வழிச் செலவு, சோறு, துணி, ஊரில் தீர்க்க வேண்டிய பழைய கடன் எல்லாம் ஆளின் கணக்கில் ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே அவர் கடனாளி. கூலி கங்காணி கை வழியாக வரும். ஒரு நாளைக்கு எத்தனை பேரை வேலைக்கு இறக்குகிறாரோ அத்தனை பேருக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைக்கும். கங்காணிகளில் பலர் ஊர்ச் சாதியினர், சிலர் சேரியிலிருந்தே எழுந்தவர்கள். லயன் வீடுகளைச் சாதி பார்த்துப் பிரித்துக் கொடுப்பதும் நடந்தது. கடலைத் தாண்டிச் சாதியும் கூடவே போனது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு ஒழுங்குபடுத்தப்பட்டது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த சிறு தகர வில்லை ஆளின் கையில் தரப்பட்டது. அதைக் காட்டினால் ரயிலிலும் படகிலும் காசில்லாமல் ஏற்றிச் சென்று உரிய தோட்டத்தில் சேர்ப்பார்கள். அந்தச் செலவும் கடன் கணக்குதான். 1904இல் தோட்ட முதலாளிகள் ஆள்சேர்ப்புக்கென்றே இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தைத் தொடங்கித் திருச்சியில் தலைமையகம் வைத்தார்கள். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் வந்தன. அதன் பிறகு திண்டுக்கல்லில் ரயிலேறியவர் மதுரை, மானாமதுரை, ராமநாதபுரம் வழியாக மண்டபம் முகாம் போய்ச் சேரலாம். அங்கே சில நாள் தனிமைப்படுத்தி, அம்மை குத்தி, உடம்பைச் சோதித்து அனுப்புவார்கள். விசா அலுவலகம், மருத்துவப் பரிசோதனை, குடியேற்றக் கவுண்டர் மூன்றும் சேர்ந்த இடமாக அந்த முகாமை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நாம் மறக்கக் கூடாத சொல் 'துண்டு'. கங்காணி என்ற சொல்லைப் போலவே இந்தத் தமிழ்ச் சொல்லும் ஆங்கிலேயரின் ஆவணங்களில் அப்படியே ஏறியது. ஒரு கங்காணியும் அவர் ஆட்களும் தோட்டம் மாற விரும்பினால், துரை ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுப்பார்: இந்தக் கங்காணியையும் இத்தனை ஆட்களையும் இவ்வளவு ரூபாய் கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறேன். அந்தத் துண்டோடு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போவார். புதிய துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை மறுபடியும் அதே ஆட்களின் தலையில் கடனாக உட்காரும். தோட்டங்களுக்குள் ஆளுக்குப் போட்டி வரவரத் துண்டின் தொகை ஏறிக்கொண்டே போனது. ஆட்களின் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. வேலைச்சந்தையில் ஆளுக்குத் தேவை கூடினால் கூலி உயரும் என்பது பொருளாதாரப் பாடம். இங்கே தேவை கூடியபோது உயர்ந்தது கடன், லாபம் கங்காணிக்கு.

துண்டு இல்லாமல் வெளியேறினால்? முன்னறிவிப்பின்றி வேலையைவிட்டுப் போகும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் இருந்தது. வேலையை விடுவது குற்றம். இன்றைய வளைகுடாவில் 'தலைமறைவு' என்று முதலாளி புகார் கொடுத்தால் தொழிலாளி என்ன ஆகிறார் என்பதை அறிந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போராட்டத்தால் மாறியது, பாதியில் நின்றது

இந்தியாவில் ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில், அந்த முறையில் ஆள் சேர்ப்பது 1917இல் நின்றது. அதன் அழுத்தம் இலங்கையிலும் விழுந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1923இல் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டு, பயணச் செலவு தொழிலாளியின் கணக்கிலிருந்து முதலாளிகளின் பொது நிதிக்கு மாறியது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆள்சேர்ப்புச் செலவு முதலாளியுடையது என்ற கொள்கையை ஒரு காலனி அரசே நூறாண்டுக்கு முன்பு ஏற்க வேண்டிவந்தது. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தியப் பக்கத்தில் 1922இல் குடிப்பெயர்வுச் சட்டம் வந்தது. 'திறன் சாரா' வேலைக்குப் போகிறவர் அரசு அறிவித்த நாடுகளுக்கு, அறிவித்த நிபந்தனைகளில் மட்டுமே போகலாம் என்றது அது. பாதுகாப்பு என்ற நோக்கத்தில் உண்மை இருந்தது. கூடவே, வெளிநாடு போக அரசு அனுமதி தேவைப்படுபவர், தேவைப்படாதவர் என்று மக்களை இரண்டாகப் பிரித்ததும் நடந்தது. 1938இல் மலேயாவுக்கும், 1939 ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்கும் கூலித் தொழிலாளர் போவதை இந்திய அரசு தடுத்தது.

தடை வந்தபோது பல லட்சம் பேர் ஏற்கெனவே தோட்டங்களில் வேர்விட்டிருந்தார்கள். காடழித்துத் தேயிலை வளர்த்த அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். சுதந்திர இலங்கை தன் முதல் ஆண்டிலேயே, 1948இன் 18ஆம் சட்டத்தால், அவர்களில் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமைக்குக் காகிதச் சான்று கேட்டார்கள். தகர வில்லையோடு வந்தவரிடம் ஏது பிறப்புச் சான்றிதழ்? 'கள்ளத்தோணி' என்ற வசைச் சொல் அவர்கள் மீது ஒட்டப்பட்டது. அரசும் முதலாளியும் ரயிலும் கப்பலும் கொடுத்துக் கூட்டிப்போன மக்களுக்கு அந்தப் பெயர்!

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களின் பிரதிநிதிகள் யாரும் அந்தக் காகிதத்தில் கையெழுத்திடவில்லை. துரைகள் துண்டில் தலை எண்ணி எழுதிய அதே வேலையை இரண்டு பிரதமர்கள் செய்தார்கள்.

திரும்பி வந்தவர்கள் அதே மண்டபம் முகாமில் இறங்கினார்கள். சிலருக்கு நூற்பாலை வேலை, சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், பலருக்குச் சிறு தொகை வியாபாரக் கடன். தேயிலை கிள்ளத் தெரிந்தவரிடம் கடை வையுங்கள் என்றால் எத்தனை நாள் நடக்கும்? வேலை தேடி மலையேறியவர்களில் ஒரு பகுதியினர் நம் மாவட்டத்தின் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாகச் சிக்கினார்கள். 1980களில் அது வெளியே தெரிந்து நீதிமன்றம் வரை போனது. பண்ணைக் கடனிலிருந்து தப்பிக் கடல் கடந்த குடும்பங்களின் வாரிசுகளை, திரும்பி வந்த மலையில் அதே கடன் பிடித்துக்கொண்டது.

இன்றைய சீட்டு

1970களில் வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகியது, கட்டட வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாடு அரசு 1978இல் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தைத் தொடங்கியது. 1922 சட்டத்தின் இடத்தில் 1983 குடிப்பெயர்வுச் சட்டம் வந்தது. 2015இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வோர் ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாட்டில் இருப்பதாக மதிப்பிட்டது. சிங்கப்பூரும் வளைகுடா நாடுகளும் பட்டியலின் முன்வரிசையில்.

1983 சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்ற குறிப்பு இருக்கும். அவர் வேலைக்காகக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போக அரசின் அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்புக்கு முன்பே பள்ளியிலிருந்து வெளியே தள்ளப்படுபவர் யார் என்று நமக்குத் தெரியும். சாதி சான்றிதழில் இருப்பது போதாதென்று பாஸ்போர்ட்டிலும் மறைமுகமாக ஏறிக்கொள்கிறது. வெளிநாடு செல்வது அரசு தரும் சலுகை இல்லை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் வழக்கில் 1967இலேயே சொல்லிவிட்டது. இருந்தும் இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயதாகாமல் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியாது. பாதுகாக்கத்தான் தடை என்கிறார்கள். தடுக்கப்பட்ட பெண் சுற்றுலா விசாவில் போகிறார். அப்போது அவருக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? கஃபாலா முறையில் விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. முதலாளி மாற அவர் சம்மதம் வேண்டும், சில நாடுகளில் ஊர் திரும்பவும் வேண்டியிருந்தது. கத்தார் 2020இல் சம்மதக் கடிதத்தை நீக்கியது. சவூதி 2021இல் சில தளர்வுகளை அறிவித்தது. சிங்கப்பூரின் வேலை அனுமதியும் ஒரு முதலாளியின் பெயரில்தான் தரப்படுகிறது, அவர் நினைத்தால் ரத்து செய்யலாம். அது 18 நாடுகளின் பட்டியலில் இல்லாததால் நம் அரசின் முன் அனுமதிச் சோதனையும் அங்கு போகிறவருக்கு இல்லை. செவிலியர், பராமரிப்பு வேலை என்று பிரிட்டன் போனவர்களுக்கும் இதே பாடம். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறந்தார்கள். ஆள் போதும் என்றானதும் 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை மூடிவிட்டார்கள். விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனம் கைவிட்டால் வேறு நிறுவனம் தேடப் பொதுவாக 60 நாள் கெடு.

துண்டு ஒழிந்து நூறாண்டு ஆகிறது. அதன் இரண்டு கால்களும் அப்படியே நிற்கின்றன: சீட்டு முதலாளி கையில், கடன் தொழிலாளி தலையில். ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 2017 விதிகள் 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு வைத்தன. ஊரில் கேட்கும் தொகை என்ன என்று உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள். 1923இல் இலங்கைத் தோட்ட முதலாளிகளை ஏற்கவைத்த செலவை இன்று சேரி இளைஞன் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறான்.

நம் ஊருக்கு வருகிறவர்கள்

இனி நம் நூற்பாலைகளுக்குத் திரும்புவோம். இங்கே முதலில் சிக்கியவர்கள் நம் பெண் பிள்ளைகள்தான். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். எதிர்ப்பு வலுத்தது, உள்ளூர்ப் பெண்களும் விடுதிக்குள் அடைபட மறுக்கத் தொடங்கினார்கள். முதலாளிகள் கூலியை உயர்த்தி ஆள் தேடியிருக்கலாம். அவர்கள் வடக்கே ஆள் தேடினார்கள். வேலைச்சந்தையின் பழைய பாடம் இங்கேயும் அதேதான்.

ஒடிசாவில் முன்பணம் கொடுத்து ஆளைக் கூட்டிப்போகும் 'தாதன்' முறையில் நடந்த கொடுமைகள் வெளிவந்த பிறகுதான் 1979இல் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது. அங்கே 'சர்தார்' என்று அழைக்கப்படுபவர் நம் கங்காணியேதான். வருகிறவர்களில் பலரும் தலித்துகள், பழங்குடிகள், ஏழை முஸ்லிம்கள். விடுதி, முன்பணம், மொழி தெரியாத ஊர் எல்லாம் லயன் வீட்டின் மறுபிறவி. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, அவர்கள் அஞ்சி நடுங்கியதைப் பார்த்தோம். 'வடக்கன்' என்று ஏளனமாகச் சொல்லும்போது, நம் பாட்டிகளைக் 'கள்ளத்தோணி' என்று சொன்னவர்களின் வாயால்தான் நாம் பேசுகிறோம்.

வேறு வழி உண்டு என்பதை நம் மாவட்டமே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 2021 ஜனவரியில் ஈஸ்ட்மேன் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதைத் தனி மனிதரின் குற்றமாக மட்டும் விட்டுவிடவில்லை. ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணியோடும் ஓர் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்போடும் சேர்ந்து, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தத்தை' ஈஸ்ட்மேனோடு செய்தது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய நிறுவனங்களையும் பிணைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் நாச்சி ஆலைத் துணிகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைக் கண்டு செப்டம்பரில் தடையை விலக்கியது. ஒப்பந்தப்படி சுமார் 25 தொழிலாளிக்கு ஒருவர் எனத் தளக் கண்காணிப்பாளர்கள் உண்டு. அவர்களும் தொழிலாளர்களே. விடுதியும் வாகனமும்கூட ஒப்பந்தத்துக்குள் வருகின்றன. அந்தப் பாதுகாப்பு தையல் மேடையில் நிற்பவர் எந்த மாநிலம் என்று கேட்பதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

வெளிநாடு போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போவது நம் உரிமை, பல நேரம் நம் விடுதலையும்கூட. நம் கேள்வி சீட்டையும் கடனையும் பற்றியது.

ஒன்று, ஊரில் யாராவது விசாவுக்குப் பணம் கட்டப்போகிறார் என்றால், ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் முதலில் பாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். கட்டிய தொகைகளை ஊர்வாரியாகப் பதிவு செய்யுங்கள், அதுவே நாளைய வழக்குக்கு ஆதாரம்.

இரண்டு, ஆள்சேர்ப்புச் செலவு முழுவதும் முதலாளியுடையது என்பதை அரசியல் கோரிக்கையாக முன்வைப்போம். 1923இல் முடிந்தது இப்போது முடியாதா?

மூன்று, பத்தாம் வகுப்போடு பாஸ்போர்ட்டைப் பிணைப்பதையும், பெண்ணின் வயதைக் காட்டி வழி மறிப்பதையும் எதிர்ப்போம். அதுவரை, பத்தாம் வகுப்பில் தவறிய ஒவ்வொரு பிள்ளையையும் மறுதேர்வு எழுதவைப்பது நம் இரவுப் பாடசாலைகளின் வேலையாக இருக்கட்டும்.

நான்கு, ஆலை விடுதிகளில் இருக்கும் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்களைச் சங்கத்துக்குள் கொண்டுவருவோம். கங்காணிக்கு எதிரான சண்டையில் அவர்கள் நம் பக்கம். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நாம் கேட்கும் கூலியை எந்த ஆலை முதலாளியும் தரப்போவதில்லை.

ஐந்து, உங்கள் வீட்டில் கண்டிச் சீமை, மலேயா போனவர் பற்றிய நினைவு இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். பழைய குடும்ப அட்டை, தோட்டத்துச் சீட்டு, கடிதம் எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். நம் முன்னோர் எந்தக் கடனைச் சுமந்து போனார்கள் என்று தெரிந்தால்தான், அடுத்த ஏஜெண்ட் நீட்டும் காகிதத்தில் எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும்.